பெர்முடா லானில் களை: எந்த மருந்து, எப்போது, எவ்வளவு?

டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வீடு, பெர்முடா புல் வளர்த்த லான். இரண்டு வருடமாக மார்ச் கடைசியில் களை மருந்தும் உரமும் கலந்த 'வீட் அண்ட் ஃபீட்' மூட்டை வாங்கிப் போடுகிறீர்கள். ஆனாலும் ஜூன் பிறந்தால் லான் முழுக்கக் களை, எச்ஓஏ எனும் குடியிருப்பு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம். பக்கத்து வீட்டுக்காரர் புரோடயமின் வாங்கச் சொல்கிறார், கடையில் டைத்தியோபிர்தான் நல்லது என்கிறார்கள், வீட்டில் சின்னக் குழந்தையும் நாயும் இருப்பதால் எதைத் தொடவும் பயமாக இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரையில், இவ்வளவு செலவழித்தும் ஏன் பலன் இல்லை என்பதுதான் உங்கள் கேள்வி. அது தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பது பெரிய விஷயமில்லை. நான் கோவையில் வேளாண்மை படித்தவன். டெக்சாஸில் பல வருடங்களாகப் புல்தரைப் பராமரிப்பில் இருக்கிறேன். வட மாநிலங்களின் ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் புல் லான்களில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. அதனால் இங்கே சொல்வதைத் தெற்கத்திய பெர்முடா லானுக்கானது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் இருக்கும் உறவினருக்கு அப்படியே அனுப்பிவிட வேண்டாம்.

புரோடயமின், டைத்தியோபிர் இரண்டும் களை முளைக்கும் முன் தடுக்கும் மருந்துகள். முதலில் இவை என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். ஊரில் நிலக்கடலை விதைத்த மூன்று நாளைக்குள் ஈர மண்ணில் பெண்டிமெத்தலின் தெளிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கடலைப் பருப்பு பெரியது, ஆழத்தில் கிடக்கிறது. களை விதைகள் பொடியானவை, மேல் மண்ணிலேயே முளைப்பவை. மருந்தோ மேலே ஓர் அங்குலத்துக்குள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கும். அந்த அடுக்குக்குள் வேர் விடப் பார்க்கும் நாற்றின் வேர் நுனியில் செல்கள் பிரிய முடியாமல் போகும். வேர் நீளாமல் நுனி குண்டாகித் தடித்து, நாற்று வெளியே தலைகாட்டும் முன்பே பட்டுப்போகும். லானிலும் இதே கதைதான். பெர்முடாவின் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் உறுதி. ஒன்று, முளைத்து வெளியே வந்துவிட்ட களையை இந்த வகை மருந்து ஒன்றும் செய்யாது (இளங்கிராப்கிராஸ் விஷயத்தில் டைத்தியோபிர் மட்டும் விதிவிலக்கு, பின்னால் சொல்கிறேன்). இரண்டு, விதையிலிருந்து வராமல் கிழங்கிலிருந்தோ பழைய தூரிலிருந்தோ கிளம்பும் களைக்கும் இதனால் பயனில்லை. உங்கள் இரண்டு வருடத் தோல்விக்கு இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டுமோ காரணமாக இருக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அது நீங்கள் வாங்கிய மூட்டை.

அந்தக் காலி மூட்டை கராஜில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் 'ஆக்டிவ் இன்கிரீடியன்ட்' என்று போட்டிருப்பதைப் படியுங்கள். அதில் 2,4-டி, டைகாம்பா, மெக்கோப்ராப் போன்ற பெயர்கள் மட்டும் இருந்தால், நீங்கள் இதுவரை களை முளைக்கும் முன் தடுக்கும் மருந்தைப் போடவே இல்லை. அவை முளைத்து நிற்கும் அகல இலைக் களைகளைக் கொல்பவை. நாளை முளைக்கப் போகும் புல் வகைக் களைகளை அவை தடுக்காது. அட்ரசைன் என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது செயின்ட் அகஸ்டின், சென்டிபீட் புல்லுக்கானது, பச்சைப் பிடித்து வளரும் பெர்முடாவைச் சேதப்படுத்தும். புரோடயமின், டைத்தியோபிர், பெண்டிமெத்தலின் என்று ஏதாவது ஒன்று இருந்தால் மட்டுமே நீங்கள் தேடும் மருந்து அந்த மூட்டைக்குள் இருந்தது என்று அர்த்தம். அப்படியே இருந்தாலும் உரத்தோடு கலந்த மூட்டையை நான் விரும்புவதில்லை. களை மருந்து போட வேண்டிய பிப்ரவரியில் பெர்முடா இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது போடும் தழைச்சத்து, பச்சையாக நிற்கும் குளிர்காலக் களைகளுக்குத்தான் விருந்து. உரத்தை ஏப்ரல் வாக்கில், லான் நன்றாகப் பச்சை பிடித்து இரண்டு மூன்று முறை வெட்டிய பிறகு போடுங்கள். உரத்துக்கு ஒரு காலம், மருந்துக்கு ஒரு காலம். ஒரே மூட்டையில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று காலம் தப்பிவிடும்.

அடுத்து, உங்களிடம் இருப்பது என்ன களை? 'கிராப்கிராஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். படம் இல்லாமல் அதை நான் உறுதி செய்ய முடியாது. டாலஸ் பக்கத்தில் கிராப்கிராஸ் என்று என்னிடம் காட்டப்படுவதில் கணிசமானவை டாலிஸ்கிராஸ். வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்து கேட்கும், மற்றதற்குக் கேட்காது. கிராப்கிராஸ் ஒரு வருடப் புல். வசந்தத்தில் விதையிலிருந்து முளைத்து, தரையோடு படர்ந்து, விரல்களை விரித்தாற்போல் கதிர் விட்டு, முதல் கடும்பனியில் செத்துவிடும். ஒரு செடி ஒரு லட்சத்துக்கும் மேல் விதை போடக்கூடியது. டாலிஸ்கிராஸ் பல வருடப் புல். கைப்பிடி கனத்தில் தூராக நிற்கும், வெட்டிய மூன்றாம் நாள் லானுக்கு மேலே நீண்ட தண்டுகள் தலைதூக்கும், கதிரை உற்றுப் பார்த்தால் மணிகளின் மேல் கருப்புப் பொட்டுகள் தெரியும். அது ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் கிளம்பும். போன வருடம் எங்கே நின்றதோ இந்த வருடமும் அங்கேயே நிற்கிறது என்றால், அது அனேகமாக விதையிலிருந்து வந்ததில்லை.

கோரையும் இருக்கலாம். இங்கே நட்கிராஸ் என்பார்கள்; நம் ஊர் வயல்களில் கிழங்கோடு பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போகும் அதே கோரை இனம்தான். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருளும். கோரையின் தண்டு மூன்று பட்டையாக இருப்பதால் விரலில் தடக் தடக்கென்று தட்டும். இலை மஞ்சள் கலந்த பளபளப்பான பச்சை. மழை பெய்து இரண்டு நாளில் சுற்றியுள்ள புல்லைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும். இது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து வருகிறது. புரோடயமினை எவ்வளவு கொட்டினாலும் இது அசையாது. இதற்கு ஹாலோசல்ஃபியூரான் என்ற தனி மருந்து இருக்கிறது, இலை வந்த பிறகு அடிப்பது. டாலிஸ்கிராஸுக்கு வீட்டு அளவில் நான் சொல்வது, மண் ஈரமாக இருக்கும்போது குறுகிய மண்வெட்டியால் தூரோடு, கீழே படுத்திருக்கும் தடித்த வேர்த்தண்டோடு தோண்டி எடுப்பது. பத்துப் பதினைந்து தூர் என்றால் ஒரு காலை வேலை. இதற்கு மருந்து தேடி அலைவதைவிட இதுவே நிச்சயமான வழி.

சரி, கிராப்கிராஸ்தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது காலம். இரண்டு அங்குல ஆழத்தில் மண்ணின் வெப்பம் தொடர்ந்து சில நாட்கள் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கிராப்கிராஸ் முளைக்கத் தொடங்கும். டாலஸ் வட்டாரத்தில் அது பொதுவாக பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் நடந்துவிடும். ஹூஸ்டனில் இன்னும் முன்னால். காங்கிரீட் பாதை ஓரத்திலும் தெற்கே வெயில் பார்க்கும் சரிவிலும் மண் சீக்கிரம் சூடாவதால் அங்கேதான் முதலில் முளைக்கும். நீங்கள் மார்ச் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். மூட்டையில் சரியான மருந்தே இருந்திருந்தாலும் அது தாமதம். தேதியை மட்டும் நம்பவும் முடியாது. 2021 பிப்ரவரியில் வந்த பெரும் உறைபனி மாதிரி ஒன்று வந்தால் கணக்கு மாறும். சமையலறை வெப்பமானி போன்ற ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு, பிப்ரவரி நடுவிலிருந்து காலையில் லானில் குத்திப் பாருங்கள். 50-ஐத் தாண்டி ஏறத் தொடங்கியதும் போட்டுவிடுங்கள். சீக்கிரம் போடுவதில் நஷ்டம் சில நாள் பலன்தான். தாமதமாகப் போட்டால் போட்டதே வீண். இன்னொரு காலமும் உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். போவா ஆனுவா எனும் குளிர்காலப் புல்லும், ஹென்பிட், சிக்வீட் போன்ற அகல இலைக் களைகளும் கோடை தணிந்து மண் 70 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது முளைப்பவை. பிப்ரவரியில் கண்ணுக்குத் தெரியும் அவற்றுக்கான மருந்தை முந்தின செப்டம்பர் முதல் பாதியிலேயே போட்டிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் நேர்க் கேள்வி. பிப்ரவரியில் நேரத்தோடு போட முடியும் என்றால் புரோடயமின். நீண்ட நாள் நிற்கும், விலை சகாயம், பெர்முடாவுக்கு நன்கு பழகிய மருந்து. ஏதோ காரணத்தால் தாமதமாகி, நாற்றுகள் இரண்டு மூன்று இலையோடு தலைகாட்டிவிட்டன என்றால் டைத்தியோபிர். அது முளைப்பதைத் தடுப்பதோடு, தூர் கட்டாத இளங்கிராப்கிராஸையும் கொல்லும். ஆனால் மண்ணில் நிற்கும் காலம் புரோடயமினைவிடக் குறைவு. பெண்டிமெத்தலின் இங்கேயும் கிடைக்கிறது. வெயிலில் சீக்கிரம் வீணாகும், காங்கிரீட்டிலும் செருப்பிலும் மஞ்சள் கறை பிடிக்கும், அதனால் வீட்டு லானுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஐசாக்ஸாபென் அகல இலைக் களைகளுக்கானது. செப்டம்பரில் ஹென்பிட் தொல்லை அதிகம் என்றால் புரோடயமினோடு சேர்க்கலாம். இண்டாசிஃபிளாம் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் மருந்து. அளவு சற்று தவறினாலும் லான் பாதிக்கப்படும், அதைத் தொழில் செய்பவர்களிடம் விட்டுவிடுங்கள். யூடியூபில் வடக்கே இருப்பவர்கள் மெசோட்ரியோனைப் புகழ்வதைப் பார்த்திருக்கலாம். புளூகிராஸ் விதைக்கும்போது அவர்களுக்கு அது உதவும். உங்கள் பெர்முடாவை அது வெளுத்து வாட்டிவிடும். தொடவே வேண்டாம்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். புரோடயமின் 65 சதவீதக் குருணை, அதாவது தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது, பெர்முடாவுக்கு ஏக்கருக்கு வருடத்துக்கு 2.3 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று லேபிள் சொல்கிறது. ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆக, ஆயிரம் சதுர அடிக்கு வருடம் முழுவதற்கும் சுமார் 24 கிராம்தான் உச்சம். நான் அதை மூன்றாகப் பிரித்து, பிப்ரவரி கடைசியில் 8 கிராம், மே மாதத்தில் 8 கிராம், செப்டம்பரில் 8 கிராம் என்று போடுவேன். டெக்சாஸ் கோடைச் சூட்டில் மருந்து சீக்கிரம் சிதைவதால் ஒரே தடவையில் போடுவதைவிட இப்படிப் பிரிப்பது நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் வாங்கும் பொருளின் சதவீதம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும், உங்கள் கையில் இருக்கும் லேபிளே இறுதி. அமெரிக்கச் சட்டப்படி லேபிளை மீறிப் பயன்படுத்துவது குற்றமும்கூட. அடுத்து, மனையின் பரப்பை லானின் பரப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழாயிரம் சதுர அடி மனையில் வீடு, கார் பாதை, பேட்டியோ, பாத்தி எல்லாம் போக லான் மூவாயிரத்து ஐந்நூறு அடி இருந்தால் அதிகம். டேப் பிடித்து அளந்துவிடுங்கள். மூவாயிரத்து ஐந்நூறு அடிக்கு ஒரு தடவைக்கு 28 கிராம். இதற்கென்று ஒரு சிறு டிஜிட்டல் தராசு வாங்கி கராஜிலேயே வைத்துவிடுங்கள், சமையலறைத் தராசு கூடாது.

தெளிப்பான் பழக்கம் இல்லையென்றால், உரம் கலக்காத புரோடயமின் குருணை மூட்டையும் கிடைக்கிறது; ஸ்பிரெடர் எனும் தூவும் வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம். எதுவானாலும் பாதி அளவை வடக்கு தெற்காகவும் மீதிப் பாதியைக் கிழக்கு மேற்காகவும் போடுங்கள். மருந்து படாமல் விட்ட பட்டைகளில் ஜூனில் களை கோடு போட்டாற்போல் வரிசையாக முளைத்து நிற்கும். தெளிப்பதாக இருந்தால் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி, உங்கள் நடை வேகத்தில் ஆயிரம் அடிக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று பார்த்துவிட்டுக் கலக்குங்கள். புரோடயமின் முழுவதும் கரையாது, தொட்டியின் அடியில் படியும். நடுநடுவே குலுக்க வேண்டும்.

போட்டவுடன் தண்ணீர். மருந்து இலை மேல் கிடந்தால் பலன் இல்லை, மண்ணுக்குப் போக வேண்டும். ஓரிரு நாளுக்குள் அரை அங்குலம் தண்ணீர் விடுங்கள், அல்லது அந்த அளவு மிதமான மழை வரும் என்று தெரிந்த நாளுக்கு முன் போடுங்கள். டாலஸ் வட்டாரத்தின் பெரும்பகுதி கரிசல் மண், கோவில்பட்டிப் பக்கம் கோடையில் பாளம் பாளமாக வெடிக்குமே, அதே வகை. ஒரே மூச்சில் ஸ்ப்ரிங்க்ளரை ஓடவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மருந்தையும் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அரைமணி நேரம் நிறுத்தி, மறுபடி ஓடவிடுங்கள். லானில் இரண்டு மூன்று காலி டப்பாக்களை வைத்து அரை அங்குலம் சேர எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை.

இந்த மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லும் நிலைமைகளும் இருக்கின்றன. புதுசாகப் புல் பதித்து அது வேர் பிடிக்காமல் இருந்தாலோ, விதை போடும் திட்டம் இருந்தாலோ போடாதீர்கள். லானில் பெரிய சொட்டைகள் இருந்தாலும் யோசியுங்கள். பெர்முடா ஓடுகொடி விட்டுப் பரவி, கணுவுக்குக் கணு வேர் ஊன்றித்தான் சொட்டையை மூடும். அந்தக் கணு வேரும் மேல் மண்ணில்தான் இறங்க வேண்டும். மருந்து போட்ட லானில் ஒரு கொடியைத் தூக்கிப் பாருங்கள்; சில கணுக்களில் வேர் அரை அங்குலம்கூட நீளாமல், நுனி குண்டாகி நின்றிருக்கும். களை நாற்றுக்கு நேர்வதே இதற்கும் நேர்கிறது. அப்படிப்பட்ட லானில் ஒரு கோடை மருந்தைத் தவிர்த்து, உரமும் தண்ணீரும் கொடுத்து, ஒன்றரை அங்குல உயரத்தில் அடிக்கடி வெட்டி, புல்லை அடர்த்தியாக்குங்கள். இடையில் முளைக்கும் கிராப்கிராஸுக்கு குவின்க்ளோராக் போன்ற மருந்தை அங்கங்கே மட்டும் அடிக்கலாம். முளைக்கும் முன் தடுக்கும் மருந்தை அடுத்த செப்டம்பரில் தொடங்கலாம்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி, உறுதி குறைந்தவை. மக்காச்சோளக் குளூட்டன் மாவை இயற்கை மாற்றாகப் பலர் சொல்கிறார்கள். ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட விஷயம் அது, பொய்யில்லை. ஆனால் ஆயிரம் அடிக்கு இருபது பவுண்டு போட வேண்டும், முளைக்கும் நேரத்தில் மேல் மண் காய்ந்தும் இருக்க வேண்டும். வசந்த மழையில் அந்த இரண்டாவது நிபந்தனை கைகூடுவது அரிது. அதில் பத்து சதவீதத்துக்குத் தழைச்சத்து வேறு இருப்பதால் கடைசியில் விலை உயர்ந்த உரமாகத்தான் முடியும் என்பது என் கருத்து. மருந்து போட்ட பிறகு, மண்ணுக்குக் காற்றோட்டம் கிடைக்க லானில் துளை போட்டால் தடுப்பு அடுக்கு உடைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சோதனைகளில் அது பெரிய பாதிப்பாகத் தெரியவில்லை. இருந்தாலும் வரிசை உங்கள் கையில் என்றால் துளையை முதலில் போட்டுவிடுங்கள். ஒரே வகை மருந்தை வருடக்கணக்கில் போட்ட இடங்களில் அதற்கு அசராத போவா ஆனுவா தென் மாநிலங்களில் உருவாகியிருக்கிறது. அது பெரும்பாலும் கோல்ஃப் மைதானங்களின் தலைவலி. எல்லாம் சரியாகச் செய்தும் உங்கள் லானில் அந்த ஒரு புல் மட்டும் தொடர்ந்து வந்தால் அப்போது இந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தையும் நாயும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புரோடயமினையும் பெண்டிமெத்தலினையும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. எலிகளில் தைராய்டு கட்டிகள் தென்பட்டதே அடிப்படை. இதை மறைத்து 'ஒன்றும் ஆகாது' என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதே நேரம், வருடத்தில் மூன்று நாள், அளவோடு, தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கி, காய்ந்த பிறகே உள்ளே விடும் வீட்டில் ஆபத்து மிகக் குறைவு. தண்ணீர் விட்டு நன்றாகக் காயும்வரை லானுக்குள் விடக்கூடாது என்பது விதி. தவழும் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு நான் முழுசாக ஒரு நாள் என்று சொல்வேன். தெளிக்கும்போது முழுக்கால் சட்டை, ஷூ, கையுறை. பாதையில் விழுந்த குருணையைக் கூட்டி லானுக்கே தள்ளுங்கள், தண்ணீர் அடித்துச் சாக்கடைக்கு அனுப்பாதீர்கள். மீன்களுக்கு இது நஞ்சு, தெரு மழைநீர்க் குழாய் நேராக ஓடைக்குத்தான் போகிறது. பேக்யார்டில் வெண்டை, அவரை, கீரை போடுவீர்களானால் பாத்தியிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளியே மருந்தை நிறுத்துங்கள். கீரை விதைக்கும் களை விதைக்கும் இந்த மருந்துக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது ஜனவரி, அவசரமில்லை. இந்த வாரம் பகல் வெளிச்சத்தில் லானில் நடந்து பாருங்கள். போன கோடையில் களை நின்ற இடங்களில் சாம்பல் நிறத்தில் செத்துப் படிந்த சருகு மட்டும் இருந்து, இழுத்தால் லேசாகக் கையோடு வந்தால் அது கிராப்கிராஸ்; பிப்ரவரிக்கு மருந்து வாங்கிவிடலாம். இழுத்தால் வராமல், அடியில் உயிரோடு இறுகிய தூர் இருந்தால் டாலிஸ்கிராஸ். வாங்க வேண்டியது மண்வெட்டிதான். அந்தத் தூரை வேரோடு ஒன்று தோண்டி, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, மூட்டையின் பின்பக்கத்தையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். பார்த்துவிட்டு உங்கள் லான் பரப்புக்குச் சரியான அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.